வலசைக் காலத்தில் கோடியக்கரையும் கரிசல் புல்வெளியும்: எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது

டிசம்பர் இறுதியில் கோடியக்கரைக்குச் சென்றதாகவும், பல்லாயிரம் பறவைகள் வருமென்று படித்திருந்தும் தொலைவில் அசையும் சில புள்ளிகளைத் தவிர எதையும் காண முடியவில்லை என்றும், எந்த மாதத்தில் எந்த ஊருக்குச் சென்றால் வலசைப் பறவைகளை நன்றாகப் பார்க்கலாம் என்றும், புல்வெளிப் பறவைகளுக்கும் இதே முறை பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சென்ற ஊரும் மாதமும் தவறானவை அல்ல. வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த அந்த வாரங்களில் சதுப்பு முழுவதும் நீர் பரந்து கிடக்கும். நீர் பரந்தால் பறவைகளும் பரந்துவிடும். ஊர்ப்பெயரையும் நாள்காட்டியையும் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவதைவிட, ஈரநிலத்தில் நீரின் ஆழத்தையும் புல்வெளியில் புல்லின் உயரத்தையும் பார்த்து முடிவெடுக்கப் பழகினால், அதே ஊரில் அதே பருவத்தில் முற்றிலும் வேறொரு காட்சி கிடைக்கும். இந்தப் பதில் முழுவதும் அதைத்தான் விளக்க முயல்கிறேன்.

முதலில் யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்பதில் தெளிவு வேண்டும். "சைபீரியாவிலிருந்து முட்டையிட வரும் பறவைகள்" என்று நம் ஊர்களில் இன்றும் சொல்லப்படுகிறது. செய்தித்தாள்களிலும் அவ்வாறே எழுதுகிறார்கள். வடக்கிலிருந்து நம்மிடம் குளிர்காலத்தைக் கழிக்க வரும் உள்ளான்கள், உப்புக்கொத்திகள், ஊசிவால் வாத்துகள், பூனைப்பருந்துகள் ஆகியவை இங்கே கூடு கட்டுவதில்லை. வடதுருவத்தை ஒட்டிய, மரங்களற்ற குளிர்நிலமான தூந்திரச் சமவெளிகளிலும் நடு ஆசியப் புல்வெளிகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே நிலம் உறையும்போது உணவு தேடி இங்கே வருகின்றன. வேடந்தாங்கலில் மரங்களை நிறைத்துக் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகள், நத்தைகுத்தி நாரைகள், அரிவாள்மூக்கன்கள், கூழைக்கடாக்கள் எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகள். மழைக்கும் நீருக்கும் ஏற்ப உள்நாட்டில் இடம் மாறுபவை. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் பயணத் திட்டமே மாறிவிடும். கூடு கட்டும் நீர்ப்பறவைகளைப் பார்க்க ஏரி நிறைந்திருக்க வேண்டும். வடக்கிலிருந்து வரும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகளைப் பார்க்க அதே ஏரி வற்றத் தொடங்கியிருக்க வேண்டும்.

கரைப்பறவைகளின் வருகை நாம் நினைப்பதைவிட முன்னதாகத் தொடங்குகிறது. தூந்திரத்தின் கோடை மிகக் குறுகியது. ஆகவே ஆகஸ்டு மாதத்திலேயே முதல் உள்ளான்கள் நம் கடற்கரையை எட்டிவிடுகின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் முதிர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலத்துச் செங்கல் நிறம் மார்பிலும் முதுகிலும் திட்டுத் திட்டாக அப்போதும் மிச்சமிருக்கும். அவ்வாண்டு பிறந்த இளம்பறவைகள் அவற்றுக்குப் பின்னால், பெற்றோரின் துணையின்றித் தாமாகவே வந்து சேர்கின்றன. அக்டோபருக்குள் எல்லாம் சாம்பல் உடைக்கு மாறிவிடுகின்றன. வாத்துகள் பொதுவாக அதன் பிறகே பெருங்கூட்டமாகத் தென்படும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச்சு வரை நீர் வற்ற வற்ற, சேறு வெளிப்படும் இடங்களில் பறவைகள் நெருங்கிக் கூடுகின்றன. கரைப்பறவைகளைக் கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு என் முதல் பரிந்துரை பிப்ரவரி மாதமே. மார்ச்சு இறுதி, ஏப்ரல் தொடக்கத்தில் கூட்டம் குறையத் தொடங்கினாலும், புறப்படும் முன் மீண்டும் செந்நிறம் ஏறிய வளைமூக்கு உள்ளான்களை அப்போதுதான் பார்க்க முடியும். வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அந்தப் பயணத்தைத் தவறவிடாதீர்கள்.

இனி ஆழத்துக்கு வருகிறேன். ஒரு பறவை எங்கே நிற்கும் என்பதை அதன் கால் நீளமும் அலகின் நீளமும் தீர்மானிக்கின்றன. கொசு உள்ளான் முப்பது கிராம்கூடப் பெரும்பாலும் எட்டாத சிறு பறவை. ஈரம் பளபளக்கும் சேறும், விரற்கடை அளவு நீரும் இருந்தால்தான் அதற்கு மேய்ச்சல். உப்புக்கொத்திகளுக்கு அதனினும் உலர்ந்த விளிம்பு போதும். அவை கண்ணால் இரையைத் தேடுபவை. பவளக்காலி, பச்சைக்காலி, சதுப்பு மண்கொத்தி ஆகியவை கணுக்கால் முழுகும் நீரில் நடக்கும். கருவால் மூக்கான் வயிறு நனையும் வரை இறங்கித் தன் நீண்ட நேர் அலகைச் சேற்றுக்குள் முழுதாகச் செலுத்தும். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலைகீழாகக் கவிழ்ந்தால் தரையை எட்டும் ஆழத்தில் மிதக்கும். பூநாரை, நெடிய கால்களோடு, இவற்றுள் பலவும் நிற்க முடியாத ஆழத்திலும் நடந்து, அலகைத் தலைகீழாக வைத்து நீரை வடிகட்டும். ஆகவே ஒரு நீர்நிலையின் கரையில் நின்றதும் பறவையைத் தேடுவதற்கு முன் நீரைப் பாருங்கள். எங்கே சேறு மின்னுகிறது, எங்கே பழைய வரப்பு தலைகாட்டுகிறது, எங்கே நீரின் நிறம் கறுக்கிறது என்று பார்த்தால், எந்தப் பறவை எந்தப் பட்டையில் இருக்கும் என்பதை ஏறத்தாழ முன்கூட்டியே சொல்லிவிடலாம். நீர் மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலே உள்ளான்கள் அவ்விடத்தைக் கைவிட்டுவிடும். நீங்கள் டிசம்பரில் கண்ட வெறுமைக்கு விளக்கம் இதுதான்.

கோடியக்கரையில் இந்த அறிவு பன்மடங்கு பயன்படும், ஏனெனில் அங்கே ஒரே இடத்தில் எல்லா ஆழங்களும் இருக்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்முனையில், வங்கக்கடலும் பாக் நீரிணையும் சந்திக்கும் மூலையில் அமைந்த இந்நிலம் 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல், வேதாரண்யம் பெருஞ்சதுப்பையும் உள்ளடக்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமானது, அதாவது ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமானது. காடு, வெட்டவெளிப் புல்தரை, முனியப்பன் ஏரி போன்ற மழைநீர்த் தேக்கங்கள், சதுப்பு, கடற்கரை, உப்பளம் ஆகியவை அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பலர் சரணாலயத்துக்குள் வண்டியில் ஒரு சுற்று வந்து வெளிமான்களையும் காட்டுக் குதிரைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கரைப்பறவைகள் பெருந்திரளாக இருப்பது சதுப்பின் விளிம்புகளிலும் உப்பளங்களிலும்தான்.

உப்பளங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1930இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த வேதாரண்யம் இன்றும் உப்பு விளையும் ஊர். உப்பளத்தின் எல்லாப் பாத்திகளும் பறவைக்கு ஒன்றல்ல. கடல்நீரை முதலில் வாங்கி நிறுத்தும் பெரிய தேக்கங்களில் மீனும் இறாலும் புழுவும் இருக்கும். ஆலாக்களும் கொக்குகளும் நெடுங்கால் உள்ளான்களும் அங்கே கூடும். அடுத்தடுத்த பாத்திகளில் உப்புச்செறிவு ஏறும்போது மீன் மறைந்து, உவர்நீரைத் தாங்கும் சிற்றிறாலும் ஈக்களின் புழுக்களும் பெருகும். பூநாரைக்கும் சிறு உள்ளான்களுக்கும் அது விருந்து. கடைசியில் உப்பு படியும் பாத்திகளில் ஏறக்குறைய உயிரே இருக்காது. வெள்ளைவெளேரென்று கண்ணைக் கவரும் அந்தப் பாத்திகளின் அருகே காலைப்பொழுதைச் செலவிடாமல், மங்கிய பழுப்பு நீர் நிற்கும் பாத்திகளின் வரப்பை நாடுங்கள். உப்பளங்கள் தனியார் நிலமாகவோ குத்தகை நிலமாகவோ இருக்கும் என்பதால், வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டே வரப்பில் கால் வைக்க வேண்டும். இன்று நீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறெவரும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கரையில் கடல் ஓதம் குஜராத் வளைகுடாக்களில் போல மிக உயர்ந்து ஏறி இறங்குவதில்லை. ஆழமற்ற சதுப்பில் காற்று நீரை ஒரு பக்கமாகத் தள்ளிக் குவிக்கும். மறுபக்கத்தில் சேறு வெளிப்படும். நேற்றுப் பறவைகள் மேய்ந்த கரை இன்று நீருக்குள் இருப்பதற்கு இதுவும் காரணம். காலையில் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்துவிட்டு, காற்று வரும் பக்கத்துக் கரையிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

அடுத்தது வெளிச்சம். சதுப்பில் எதிர்வெயிலில் நின்றால் எல்லா உள்ளான்களும் கறுப்பு நிழல்களே. காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும், அதாவது கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நிற்க வேண்டும். ஒன்பது, ஒன்பதரை மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழுந்துவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பயன்படாது. கருவியைப் பொறுத்தவரை, எட்டு மடங்கு உருப்பெருக்கமும் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் வில்லையும் கொண்ட பைனாகுலர் பொதுவாகப் போதும். ஆனால் திறந்த சதுப்பில் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இல்லாமல் சிறு உள்ளான்களைப் பிரித்தறிவது கடினம். அதை வாங்கும் முன், ஊரில் உள்ள பறவை ஆர்வலர் குழுவோடு ஒருமுறை சென்று அவர்களுடைய தொலைநோக்கியில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

அடையாளம் காண்பதில் நிறத்தைப் பற்றிக்கொள்வதே தொடக்கத்தில் நிகழும் குழப்பம். குளிர்காலத்தில் எல்லாம் சாம்பலும் வெள்ளையும்தான். நம் ஊரில் ஆண்டு முழுதும் இருக்கும் நெடுங்கால் உள்ளானை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பது அதைவிடப் பெரிதா சிறிதா என்று பாருங்கள். பிறகு அலகு நேராக இருக்கிறதா, கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா, சற்றே மேல்நோக்கியதா என்று பாருங்கள். அதன்பின் மேயும் விதத்தைக் கவனியுங்கள். உப்புக்கொத்தி சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒன்றைக் கொத்தும், மீண்டும் ஓடும். கொசு உள்ளானோ தலையைத் தூக்காமல் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போலக் கொத்திக்கொண்டே போகும். வளைமூக்கு உள்ளான் கொஞ்சம் ஆழமான நீரில் நின்று அலகை முழுக்கச் செலுத்தும். பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை உண்டா, பிட்டம் வெள்ளையா, கால்கள் வாலைத் தாண்டி நீள்கின்றனவா என்ற மூன்றையும் பார்த்தாலே பாதி ஐயம் தீரும். ஒரே கூட்டத்தை ஒரு மணி நேரம் பார்ப்பது, பத்துக் கூட்டங்களை ஆறு நிமிடம் வீதம் பார்ப்பதைவிட அதிகம் கற்றுத்தரும். உலகில் அழிவின் விளிம்பில் நிற்கும் கரண்டிவாய் உள்ளான் 1980களில் கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. ஆயிரம் கொசு உள்ளான்களுக்கு நடுவே கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கும் பறவை அது. கூட்டத்தைப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்ப்பவர்களுக்கே அது அகப்படும்.

கோடியக்கரைக் காட்டையும் ஒரு காலைக்கு ஒதுக்குங்கள். அக்டோபரில் வடக்கிலிருந்து இறங்கிவரும் ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் கடலோரத்தின் இந்த உலர் பசுமைக்காட்டில் தங்கிச் செல்கின்றன. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் இந்தக் காட்டைக் கடுமையாகச் சிதைத்தது. சீமைக்கருவேலம் மூடிய இடங்களைவிடப் பாலையும் நாவலும் நிற்கும் பகுதிகளில் தேடுவது பயன்தரும்.

புல்வெளிக்கும் இதே முறைதானா என்ற கேள்விக்கு, முறை வேறு, ஆனால் தத்துவம் ஒன்று என்று சொல்வேன். அங்கே நீரின் இடத்தைப் புல் பிடித்துக்கொள்கிறது. வெளிமான் மேய்ந்து குட்டையாக்கிய தரையில் வானம்பாடிகளும் நெட்டைக்காலிகளும் பொன்னிற உப்புக்கொத்திகளும் நடக்கும். முழங்கால் உயரப் புல்லில் பூனைப்பருந்துகள் இரவு தங்கும். அதற்கு மேல் புதரும் கருவேலமும் ஏறிவிட்டால் இந்தப் பறவைகள் எல்லாமே விலகிவிடும். கோடியக்கரையின் வெட்டவெளியில் இதைச் சிறிய அளவில் காணலாம். பெரிய அளவில் காண வேண்டுமானால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரி நிலங்களுக்கும் அவற்றை ஒட்டிய மேய்ச்சல் தரைகளுக்கும் செல்லுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே செல்வது சிறப்பு. இது சரணாலயம் அல்ல. உளுந்தும் சோளமும் விதைத்த வயல்களும், ஆடு மேயும் தரிசுமாகக் கிடக்கும் நிலம். அறிவிப்புப் பலகையோ நுழைவுச் சீட்டோ கிடையாது. அதனால்தானோ என்னவோ, இதன் அருமை இன்னும் பலருக்கு எட்டவில்லை.

பூனைப்பருந்துகளை முன்னிட்டே இந்நிலத்துக்குப் போகலாம். கஜகஸ்தானையும் அதன் அண்டைப் பகுதிகளையும் சேர்ந்த புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் இவை, நம் கரிசலுக்கு வந்து பெருமளவு வெட்டுக்கிளிகளைத் தின்று வாழ்கின்றன. உழவருக்கு இதனால் கிடைக்கும் நன்மையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லி மிகுந்த இடங்களில் வெட்டுக்கிளி குறைந்து, பருந்தும் குறைகிறது. தரைக்கு ஓரிரு ஆள் உயரத்தில், இறக்கைகளை ஆங்கில வி எழுத்துப் போலச் சற்று உயர்த்தி, இருபுறமும் சாய்ந்து சாய்ந்து மிதந்துவரும் பருந்தைக் கண்டால் அது பூனைப்பருந்து இனம். ஆண்களில் மிக வெளிறிய சாம்பலும் இறக்கை நுனியில் குறுகிய கறுப்பு ஆப்பும் இருந்தால் வெளிர் பூனைப்பருந்து. சாம்பல் சற்றுக் கருத்து, இறக்கையின் மேற்புறத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடினால் மாண்டேகு பூனைப்பருந்து. இரண்டின் பெண்களும் இளம்பறவைகளும் பழுப்பு நிறம், பிட்டம் வெள்ளை; கழுத்தைச் சுற்றி வெளிறிய பட்டி தெளிவாக இருந்தால் வெளிர் பூனைப்பருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். இவ்விரண்டில் எதுவென்று உறுதியில்லாதபோது, "இரண்டில் ஒன்று" என்று குறிப்பேட்டில் எழுதுவதே நேர்மையான பதிவு. மூன்றாவதான சேற்றுப் பூனைப்பருந்து பெரிது, கனத்தது. கோரை மண்டிய கண்மாய்களிலும் நெல் வயல்களிலும் அதைத் தேட வேண்டும்.

பகலில் இவை பரந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும். மாலையில்தான் கூடும். கதிரவன் மறைவதற்கு அரைமணி அல்லது முக்கால்மணி முன்பிருந்து, பல திசைகளிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்து, முதலில் அருகில் உள்ள வெற்று உழவு நிலத்திலோ வரப்பிலோ உட்காரும். வெளிச்சம் மங்கியதும் எழும்பி, தாழ்வாகச் சில சுற்றுச் சுற்றிப் புல்லுக்குள் இறங்கும். தரையில் உறங்கும் பருந்துக்கு நாய், நரி, மனிதன் என எல்லாரும் அச்சம். ஆகவே அந்தப் புல்தரைக்குள் எந்தக் காரணத்துக்காகவும் நடந்து செல்லக் கூடாது. இருநூறு மீட்டருக்குக் குறையாத தொலைவில், வண்டியின் மறைவிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து, கதிரவன் முதுகுப்புறம் இருக்குமாறு பார்த்துவிட்டு, முழுவதும் இருட்டிய பிறகே விளக்குப் போடாமல் கிளம்ப வேண்டும். தங்குமிடத்தின் சரியான இருப்பிடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள்.

நெட்டைக்காலிகளும் வானம்பாடிகளும் தொடக்கத்தில் சோர்வடையச் செய்யும். எல்லாம் கோடுபோட்ட பழுப்பு. இவற்றுக்குக் காதைப் பழக்குவதே வழி. எழும்பும்போது எழுப்பும் ஒற்றைக் குரலை ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் வயல் நெட்டைக்காலியை முதலில் நன்றாக அறிந்துகொண்டால், அதினின்று வேறுபட்ட குரலும் உருவும் தாமே கண்ணில் படும்.

இந்தப் புல்வெளிகள் அரசு ஆவணங்களில் பெரும்பாலும் தரிசு என்றே பதிவாகியுள்ளன. பயனற்ற நிலம் என்ற எண்ணத்தில் மரம் நடப்படுகிறது, சூரிய ஒளித் தகடுகள் பரப்பப்படுகின்றன, சீமைக்கருவேலம் தானாகவே மூடுகிறது. மரம் நடுவது எங்கும் நன்மையே என்று நம்புபவர்களிடம் இதை விளக்குவது எளிதன்று. ஆனாலும் விளக்கத்தான் வேண்டும். திறந்த வெளியைத் தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் பறவைக்கு, மரம் நட்ட புல்வெளி என்பது இழந்த புல்வெளி. ஈரநிலத்தை நிரப்பினால் எதிர்க்கக் குரல் எழுகிறது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் தலமானதில் அந்தக் குரல்களுக்குப் பங்குண்டு. புல்வெளிக்கு அத்தகைய குரல் இன்னும் போதவில்லை என்பதே என் வருத்தம்.

தொந்தரவு செய்யாமை பற்றி ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன், ஏனெனில் காரணம் தெரிந்தால் விதிகளை நீங்களே வகுத்துக்கொள்வீர்கள். வடக்கே திரும்பும் முன் உள்ளான்கள் உடலில் கொழுப்பைச் சேமிக்கின்றன; நெடும்பயணத்துக்கு அதுவே எரிபொருள். படத்துக்காக ஒரு கூட்டத்தைக் கிளப்பினால், மேய்ச்சல் நேரத்தையும் சேமித்த கொழுப்பையும் ஒருசேரப் பறிக்கிறோம். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இந்த இழப்பு மிகப் பெரிது. பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் வந்துவிட்டீர்கள். இரண்டடி பின்வாங்கி உட்காருங்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் ஊர் மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இமயத்தைக் கடந்து அங்கே வரும் வரித்தலை வாத்துகள் ஊருக்கு அருகிலேயே அச்சமின்றி மேய்வதைக் குளிர்காலத்தில் காணலாம். அவ்வாத்துகள் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது கருவி பொருத்திய ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

பார்த்ததை எழுதிவையுங்கள்: நாள், நேரம், இடம், எண்ணிக்கை, அவற்றோடு நீரின் ஆழமும் புல்லின் உயரமும். பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்து, அதை அளவாக வைத்துக் கூட்டம் முழுவதையும் அளக்கலாம். பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பட்டியலைப் பதிவேற்றினால் அது ஆய்வாளர்களுக்குப் பயன்படும். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும், 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும் புதியவர்களும் சேரலாம்.

பறவையின் காலில் உலோக வளையமோ எழுத்துப் பொறித்த வண்ணக் கொடியோ தெரிந்தால், எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, படம் எடுக்க முடிந்தால் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் நிறுவனம் அது. அந்தப் பறவைக்கு எங்கே, எந்த ஆண்டில் வளையமிடப்பட்டது என்ற விவரத்தைக் கேட்டுப் பெறலாம்.